ஒரே டிரிப்புதான்: நான்காம் காட்சியைப் பிரித்து மறுபடி கோத்த கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகப் பிள்ளைகள் பதினான்கு பேரோடு நாற்பது நிமிட நாடகம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். எழுதிவைத்த பிரதி கிடையாது. பிள்ளைகள் வீட்டில் கேட்ட கதைகளைக் கொண்டுவருவார்கள், நடித்துப் பார்ப்போம், நின்றதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவோம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டம் விற்கப்பட்டு, அங்கிருந்த குடும்பம் தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலிசெய்து ஃபிளாட்டுக்குப் போவதுதான் கதை. மொத்தம் ஆறு காட்சி. அதில் ஐந்து காட்சிகள் எப்படியோ உருண்டு திரண்டு வந்துவிட்டன. நான்காவது காட்சி மட்டும் ஐந்து வாரத்தைத் தின்றது. அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை எழுதிவைக்கிறேன். இன்னொரு பள்ளியில் இதே சிக்கலில் நிற்கும் ஆசிரியர் யாருக்காவது உதவலாம்.

பழைய நான்காம் காட்சி இப்படி: வீட்டைக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. பாட்டி, மகன், மருமகள், பேத்தி நால்வரும் சபையைப் பார்த்து அரைவட்டமாக நிற்கிறார்கள். மகன் கடிதத்தை வாசிக்கிறான். பாட்டி பேசத் தொடங்குகிறாள். தொடங்கினால் நிறுத்தமாட்டாள்.

பாட்டி பேசியதில் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? 1938இல் கங்காணி வழி ஆள் எடுப்பது நின்றுபோவதற்கு முன்பே தன் அப்பா கப்பலேறி வந்துவிட்டது, ஜப்பானியர் போட்டு 1943இல் முடித்த சயாம் ரயில்பாதைக்குப் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டு போனது, அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர் என்பது, 1948 ஜூன் 16ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டது, அதையொட்டி அவசரகாலம் வந்தது, 1957 சுதந்திரம், 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் தொழிலாளர் காசைத் திரட்டித் தோட்டம் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தது, 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வந்தது. ஆறு நிமிடத்தில் ஆறு ஆண்டு எண்கள், ஒரு கிலோமீட்டர் கணக்கு. எல்லாம் உண்மைதான். ஆனால் வீடு போகிற அன்றைக்கு எந்தப் பாட்டி கிலோமீட்டர் கணக்கு சொல்வாள்?

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. "நல்லா ஆராய்ச்சி பண்ணுங்க, சும்மா கண்ணீர் காட்சி வேணாம்" என்று முதல் வாரமே நான்தான் சொன்னேன். அவர்கள் ஆராய்ச்சி செய்தார்கள். செய்ததையெல்லாம் பாட்டி தலையில் ஏற்றிவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை, பக்கத்துத் தாமானின் (குடியிருப்பின்) பாலாய் ராயாவில், அதாவது பொதுமண்டபத்தில், முன்னோட்டமாகப் போட்டுப் பார்த்தோம். முப்பது பிளாஸ்டிக் நாற்காலி. வந்தவர்களில் பாதிப்பேர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர்கள். இரண்டாம் காட்சியில் சபை மூச்சுவிடாமல் பார்த்தது. நான்காம் காட்சியில் இருமல் கேட்டது, நாற்காலி இழுபட்டது, மூன்று பேர் தேத்தண்ணீர் குடிக்க எழுந்துபோனார்கள். பாட்டியாக நடித்த பெண் நன்றாகவே நடித்தாள், கடைசியில் நிஜமாகவே அழுதாள். அவள் அழுதுகொண்டிருக்கும்போது பின்வரிசையில் ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் காட்சி ஏன் நின்றது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது விடியற்காலையில் பால்மரம் வெட்டும் காட்சி. ஆரம்பத்தில் பிள்ளைகள் அதை நடித்த விதம் பார்க்கச் சகிக்காது. மரத்தைக் கோடாலியால் பிளப்பதுபோல ஒருவன், முருங்கைக்காய் நறுக்குவதுபோல ஒருத்தி. பக்கத்தில் குவாலா கங்சாரில், 1877இல் நட்ட கன்றுகளில் ஒன்றென்று சொல்லப்படும் ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது. அதற்கும் அழைத்துப்போனேன். மரத்தோடு நின்று படம் பிடித்துக்கொண்டார்களே தவிர, கத்தியை எங்கே வைப்பது என்பது யாருக்கும் பிடிபடவில்லை.

அப்புறம் ஒரு மாணவியின் பாட்டியைப் பள்ளிக்கு அழைத்தோம். எண்பதை நெருங்குகிறார். மண்டபத்துத் தூணை மரமாக வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். முதலில் நெற்றி விளக்கு மரத்தைத் தேடும், கை அதற்குப் பின்னால்தான் வரும். பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை ஒரே இழுப்பில் உருவி இடுப்புப் பையில் போட வேண்டும். பால் பிடிக்கும் மங்கைத் துடைத்து வைக்க வேண்டும். அதன் பிறகுதான் கத்தி. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, ஏறக்குறைய முப்பது பாகைச் சாய்வில் பாதி மரத்தைச் சுற்றி இழுக்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால் இந்தச் சாய்வில் வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும். பட்டை வெற்றிலைக் கனத்தில் சீவி விழ வேண்டும். கத்தி ஆழமாய் இறங்கினால் மரத்துக்குக் காயம், நமக்கு மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு. இத்தனையும் இருட்டில், வெயில் ஏறிப் பால் ஓட்டம் குறைவதற்குள், நானூறு ஐந்நூறு மரத்துக்குச் செய்ய வேண்டும். பாட்டி தூணைச் சுற்றி வரும்போது கால்கள் தாமாகவே நகர்ந்தன. பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். இரண்டு வாரம் அந்தக் கையசைவை மட்டுமே பழகினார்கள். காட்சியில் வசனம் நான்கே வரி.

முன்னோட்டம் முடிந்ததும் அதே பாட்டி என்னிடம் வந்தார்.

"பொண்ணு நல்லாத்தான்மா பேசுது. ஆனா நாங்க போன அன்னிக்கு யாரு பேசுனா? லோரிக்காரன் ஒரே டிரிப்புதான்னுட்டான். அம்மிய ஏத்துறதா வேணாமான்னுதான் எங்க வூட்டுல சண்டை."

நான் சிரித்துவிட்டு, "சரி பாட்டி, பாக்குறோம்" என்றேன். அவர் சொன்னது மண்டையில் ஏற எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

அந்த இரண்டு வாரத்தில் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் கத்தரிக்கோல். பாட்டியின் பேச்சில் பாதியை வெட்டினோம். ஆறு நிமிட உரை மூன்று நிமிட உரையானது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாவது வாரம் தெருக்கூத்திலிருந்து கட்டியக்காரனைக் கடன் வாங்கினோம். வரலாற்றையெல்லாம் கோமாளித்தனமாக அவன் சொல்லிவிடட்டும், பாட்டி சும்மா இருக்கட்டும் என்பது எண்ணம். கட்டியக்காரனாக வந்த பையன் உறுமி அடிப்பவன், நல்ல துடுக்குக்காரன். ஒத்திகையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அவன் நின்றால் வேறு யாரும் கண்ணில் படவில்லை. வீட்டை இழக்கிற குடும்பம் அவனுக்குப் பின்னால் திரைச்சீலை மாதிரி நின்றது. அவனை நாடகத்தின் தொடக்கத்துக்கு மாற்றிவிட்டோம், அங்கே நன்றாக இருக்கிறான். நான்காம் காட்சி மறுபடி வெறுமையாகக் கிடந்தது.

அன்று இரவு கைப்பேசியில் எடுத்த முன்னோட்டப் பதிவைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டாம் காட்சி சத்தமில்லாமலும் புரிந்தது. நான்காம் காட்சியில் நான்கு பேர் தோளில் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். எட்டுக் கைகள், ஒன்றுக்கும் வேலையில்லை. அப்போதுதான் அம்மி ஞாபகம் வந்தது.

மறுநாள் மாஸ்கிங் டேப்பால் மண்டபத் தரையில் பத்தடிக்கு ஐந்தரையடி ஒரு செவ்வகம் ஒட்டினேன். அதுதான் லோரி. ஒவ்வொருவரும் தன் பாத்திரம் விட்டுவர முடியாத மூன்று பொருளை மற்றவருக்குத் தெரியாமல் எழுதச் சொன்னேன். வந்தவை: அம்மி, சாமிப்படம், கறிவேப்பிலைச் செடி நட்ட பெயிண்ட் டின், தையல் மெஷின், கேஸ் தோங் (சிலிண்டர்), மெத்தை, டிவி, கோழிக்கூடு, பள்ளிப்புத்தகப் பெட்டி, தகரப்பெட்டி, பால்வெட்டும் கத்தி, நான்கு தகர ஷீட்டு. தகர ஷீட்டு எழுதியது மகனாக நடித்த பையன். "முன்னால இறக்கின கூரை எங்க தாத்தா சொந்தக் காசுல போட்டது டீச்சர், அதைக் கழட்டிக்கிட்டுத்தான் வந்தாங்களாம்" என்றான். இந்த மாதிரி ஒரு விஷயம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

நாற்காலி, மேசை, பை, பந்துக்கூடை என்று கையில் கிடைத்ததை எல்லாம் அந்தந்தப் பொருளாக வைத்துக்கொண்டோம். விதி மூன்று போட்டேன். கோட்டுக்கு வெளியே எதுவும் நீட்டக் கூடாது. லோரிக்காரன் மூன்று முறை ஹாரன் அடிப்பான், மூன்றாவதோடு காட்சி முடிந்தது, எது எங்கே இருந்தாலும் சரி. கடைசி விதிதான் முக்கியம்: ஒரு பொருள் ஏன் வேண்டும் என்று யாரும் காரணம் சொல்லக் கூடாது. வேண்டும், வேண்டாம், நகரு, தூக்கு. அதற்கு மேல் பேச்சில்லை.

முதல் ஓட்டம் பத்தொன்பது நிமிடம். கொட்டகை ரகளை. மருமகள் தையல் மெஷினை ஏற்றுவாள், மகன் இறக்குவான், அவள் மறுபடி ஏற்றுவாள். பேத்தி எல்லோரும் திரும்பியிருக்கும்போது கறிவேப்பிலைச் செடியை மெத்தைக்கு அடியில் ஒளித்தாள். உறுமிப் பையன்தான் லோரிக்காரன். "ஒரே டிரிப்புதான், எனக்கு மத்தியானம் வேற லோடு இருக்கு" என்பதைத் தவிர அவனுக்கு வசனமில்லை, அதையே நான்கு தொனியில் சொன்னான்.

பாட்டி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அவளிடம் இருந்த நீண்ட பேச்சை நாங்கள் பிடுங்கிவிட்டோம் அல்லவா. பத்து நிமிடம் கழித்துக் கால் வலித்ததோ என்னவோ, அம்மியாக வைத்திருந்த அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மருமகளாக நடித்தவள் பாத்திரத்தையே மறந்து, "ஐயோ, அம்மி மேல உக்காரக் கூடாது!" என்றாள். அவள் அம்மா வீட்டில் சொல்வதாம். எல்லோரும் சிரித்தார்கள். பாட்டி எழுந்திருக்கவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. காட்சி கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

இப்போது அந்த வரி, "அத்தை, அம்மி மேல உக்காரக் கூடாது" என்று காட்சியின் நடுவில் இருக்கிறது. பாட்டிக்கு இந்தக் காட்சியில் வசனமே இல்லை. பாட்டியாக நடிப்பவளுக்கு இரண்டு நாள் கோபம். முழுப்பக்கம் மனப்பாடம் செய்தவளிடம் வாயைத் திறக்காதே என்றால் கோபம் வராதா.

அட்டைப்பெட்டி அம்மியால் அடுத்த தலைவலி. பதினாறு வயதுப் பையன் வெறும் பெட்டியைக் கனமாகத் தூக்குவதுபோல நடித்தால் முகம்தான் சுளிக்கிறது, முதுகு பொய் சொல்கிறது. நிஜ அம்மியைக் கொண்டுவந்து பழைய சாமான் கடைத் தராசில் நிறுத்தோம். குழவி இல்லாமலே முப்பத்தொரு கிலோ. பலகை மேடை, செருப்பில்லாத கால்கள். ஒரே ஒத்திகையோடு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு ஒத்திகை பிரயோஜனப்பட்டது, எங்கே முட்டி மடங்கும், எந்த இடத்தில் மூச்சு நிற்கும் என்பதை உடம்பு தெரிந்துகொண்டது.

மாற்று அம்மி இப்படிச் செய்தோம். அடியில் ஒட்டுப்பலகை, அதன்மேல் மீ கோரேங் பாக்கெட் வரும் தடித்த பெட்டியை அம்மி அளவுக்கு வெட்டி ஒட்டினோம். உள்ளே மணல், பத்துக் கிலோ அரிசிப் பையில் இரண்டு. வெளியே நாளிதழைக் கிழித்து மைதாப் பசையில் தோய்த்து மூன்று அடுக்கு. மழை நாள்களாக இருந்ததால் விசிறி போட்டும் காய மூன்று நாள் ஆனது. சாம்பல் பெயிண்டில் கொஞ்சம் மணலைக் கலந்து அடித்தால் கல் மாதிரியே சொரசொரப்பு வருகிறது, இது பிள்ளைகளின் கண்டுபிடிப்பு. முதல் நாளே ஒரு மூலை கிழிந்து மேடையெல்லாம் மணல். பைகளை இரட்டைப் பிளாஸ்டிக்கில் போட்டு டேப் சுற்றியபின் சரியானது. இருபது கிலோ சொச்சம். ஒருவனால் தூக்க முடியாது, இரண்டு பேரால் முடியும். காட்சிக்குத் தேவையான கனம் அதுதான்.

பத்தொன்பது நிமிடத்தை ஆறரைக்குக் கொண்டுவருவதற்கு ஐந்து ஓட்டங்களைப் பதிவுசெய்து உட்கார்ந்து பார்த்தோம். ஐந்தில் இரண்டு முறையாவது தானாக வந்த வசனத்தை வைத்துக்கொண்டோம். ஒரே முறை வந்த அழகான வசனத்தைச் சந்தேகப்பட்டோம், அநேகமாக அது எங்கேயோ படத்தில் கேட்டதாக இருக்கும். மிஞ்சியது பதினான்கு வரி. பிறகு ஏழு இடங்களை 'ஆணி' என்று பெயர் வைத்து அடித்தோம்: முதல் ஹாரன், மெஷின் ஏறுவது, செடி ஒளிவது, பாட்டி உட்காருவது, தகரப்பெட்டி திறப்பது, இரண்டாவது ஹாரன், மூன்றாவது ஹாரன். ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே அவர்கள் இஷ்டம். முழுக்க எழுதிக்கொடுத்தால் மறுபடி அரைவட்டமாக வந்து நிற்பார்களோ என்கிற பயம் எனக்கு.

அப்போ அந்த வரலாறெல்லாம்? 1948 முதல் காட்சிக்குப் போய்விட்டது. பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது மண்டோர் ஒரு வரியில் சொல்கிறார். சயாம் ரயில்பாதையை முழுசாக எடுத்துவிட்டோம், அதை ஒரு வரியில் சொல்வது தப்பு. கூட்டுறவுச் சங்கமும் போய்விட்டது, பையன்களில் ஒருவனுக்கு அதில் வருத்தம்தான். தகரப்பெட்டிக்குள் மட்டும் ஒன்றை வைத்தோம். 1926இல் கட்டப்பட்டு எழுபதுகளின் தொடக்கம்வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பலில் வந்த பெட்டி என்று ஒரு மாணவி தன் வீட்டிலிருந்து நிஜப் பெட்டியையே கொண்டுவந்தாள். இடம் போதாமல் மகன் அதைத் திறந்து உள்ளே இருப்பதை அள்ளி வெளியே போடுகிறான். பழந்துணி, மருந்து பாட்டில், ஒரு சிவப்பு அடையாள அட்டை. நீல அட்டை குடிமக்களுக்கு, சிவப்பு நிரந்தரவாசிகளுக்கு. பிறந்த பிள்ளைக்கு நீலமும் பெற்றவளுக்குச் சிவப்புமாக இருந்த வீடுகள் எங்கள் பக்கத்தில் கொஞ்சநஞ்சமில்லை. அவன் அட்டையைப் பார்க்கிறான், அம்மியின் மேல் இருக்கும் அம்மாவைப் பார்க்கிறான், சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். இரண்டாவது ஹாரன்.

அட்டை என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது, ஒரு வரி சேர்க்கலாம் என்று மூன்று பேர் கேட்டார்கள். முடியாது என்றேன். என் பிடிவாதம் தப்பாகவும் இருக்கலாம். இரண்டாவது முன்னோட்டத்தில் முன்வரிசைப் பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் "செவப்பு ஐசி" என்றது மேடைவரை கேட்டது. பக்கத்தில் இருந்த பள்ளிச் சிறுவன் "அப்டின்னா?" என்றான். அவர் காட்சி ஓடும்போதே விளக்க ஆரம்பித்துவிட்டார். அதை இடைஞ்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாய்க்கு இன்னும் வழி தெரியவில்லை. லயத்தில் வளர்த்த நாயை ஃபிளாட்டுக்குக் கொண்டுபோக முடியாமல் விட்டுவிட்டு வந்த கதை ஐந்து வீடுகளிலிருந்து வந்தது. வெளியிலிருந்து குரைக்கும் சத்தம் போட்டுப் பார்த்தோம். குரைத்தது உறுமிப் பையன் என்பது சபைக்குத் தெரிந்து கொல்லென்று சிரித்தார்கள். காலியான ஒரு சங்கிலியை வைத்துப் பார்த்தோம், ரொம்பச் செய்தமாதிரி இருந்தது. இப்போதைக்கு நாய் இல்லை.

இரண்டாவது முன்னோட்டம் முடிந்ததும், பால்மரம் வெட்டச் சொல்லிக்கொடுத்த அந்தப் பாட்டி மேடையேறி வந்தார். பாராட்டப் போகிறார் என்று பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவர் நேரே அம்மியிடம் போய்க் காலால் தள்ளிப் பார்த்தார்.

"அம்மிய யாருடா இப்படிக் கட்டிப்புடிச்சித் தூக்குவா? இடுப்பு போயிரும். சாக்குல சாய்ச்சி இழுத்துக்கிட்டுப் போவணும்."

செய்தும் காட்டினார். ஒரு பக்கம் லேசாக நிமிர்த்தி, அடியில் சாக்கைச் செருகி, மறுபக்கம் சாய்த்து, சாக்கின் இரண்டு முனையையும் பிடித்துப் பின்னோக்கி நடந்தார். பலகையில் சாக்கு உரசிய சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஹாரனைவிட அது நன்றாக இருந்தது.

எட்டாவது ஆணி அடிக்க வேண்டும். மார்க்கெட்டில் வெங்காயக் கடைக்காரரிடம் இரண்டு கோணிச்சாக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார்.